கண்ணாடியாறும் பூனை மூடிய குழியும்

இன்னும் நெருங்கி உட்காருங்கள். காலை மடக்கிக்கொண்டால் பின்னால் இருப்பவருக்கும் இடம் கிடைக்கும். இதைக் கத்திச் சொல்ல முடியாது. ஓர் ஆறு கோபித்துக்கொண்ட கதை, அதன் காதில் விழுந்துவிடும்.

ஆறும் ஆடுமாடும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசின அந்தக் காலத்தில், கண்ணாடியாறு என்று ஓர் ஆறு பன்னிரண்டு மாதமும் ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்தால் கால் நகம் தெரியும். எல்லாரும் ஆத்தா என்றுதான் அதைக் கூப்பிடுவார்கள். ஆத்தா ஆத்தா என்று சொல்லிக்கொண்டே குடிப்பதும் அங்கே, குளிப்பதும் அங்கே, விடிந்ததும் ஒதுங்குவதும் அங்கே! கேட்டால், "ஓடுற தண்ணிதானே, கீழே போயிடும்" என்பார்கள். அந்தக் கீழே யார் குடிக்கிறார்கள் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.

கரையில் புள்ளிச்சி என்று ஒரு பூனை இருந்தாள். மகா சுத்தக்காரி. நாளுக்குப் பத்துத் தரம் முகம் துடைப்பாள். "எங்க துறையில நான் ஒருநாளும் அசிங்கம் பண்ணினதில்லை" என்று மீசையை நீவிக்கொள்வாள். அவளுடைய கடைக்குட்டிக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண் குழிந்து, நாக்கு உலர்ந்து கிடந்த குட்டி, "அம்மா, தண்ணி" என்றது. புள்ளிச்சி ஆற்றுக்குப் பாய்ந்தாள்.

ஆற்றைக் காணோம்!

நேற்று ஓடின ஆறு ஐயா! இன்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வெறும் மணல். எருமை கொம்பையா திருதிருவென்று விழித்தபடி நின்றார். பன்றி கூழையன் மணலை முட்டிக்கொண்டிருந்தான். வெயிலாச்சி என்ற மனுஷி வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒப்பாரி வைக்காத குறை.

மணலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இங்கேதான் இருக்கேன். உங்க அழுக்கைச் சுமந்து எனக்கு மூச்சு முட்டுது. எல்லாருக்கும் மேலே, முதல் முதலா என்னை அசிங்கம் பண்றது யாரு? பொழுது சாயறதுக்குள்ள அந்த ஆள் என் முன்னால வந்து ஒத்துக்கணும். இல்லேன்னா இப்படியே கடலுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன்."

"நான் இல்லை, எனக்கு மேலே கூழையன் இருக்கான்" என்றாள் வெயிலாச்சி.

"எனக்கு மேலே கொம்பையா அண்ணன் இருக்காரே! அவர் போடுறது எவ்வளவு, நான் போடுறது எவ்வளவு?" என்று துள்ளினான் கூழையன்.

"மரியாதையாப் பேசுடா. எனக்கு மேலேயும் எவனோ இருக்கான். காலையில எனக்கே நாத்தம் அடிக்குது" என்றார் எருமை.

"அந்த எவனை நான் பிடிக்கிறேன்! மூஞ்சியைப் பிறாண்டி இழுத்துட்டு வரேன்!" என்று புள்ளிச்சி வாலைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினாள்.

துறைகளைத் தாண்டினாள். தாழம்புதரைத் தாண்டினாள். ஆறு பிறக்கிற பாறைக்கே வந்துவிட்டாள். பாறை இடுக்கில் குப்பென்று நாற்றம். பக்கத்து ஈரமண்ணில் கால்தடம், வட்டமாக, நாலு விரல். "மாட்டினான்!" என்று அந்தத் தடத்தின் மேல் காலை வைத்தாள்.

அச்சாகப் பொருந்தியது.

அவளுக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. தன் துறை கெடக்கூடாது என்று தினமும் மெனக்கெட்டு மேலே, எல்லாருக்கும் மேலே, நடந்து வந்து இந்தப் பாறையில் வெளிக்கு இருந்துவிட்டுப் போகிறவள் அவள்தானே! அவள் விட்டது கொம்பையாவிடம் போய், கூழையனிடம் போய், வெயிலாச்சியிடம் போய், சுற்றிக்கொண்டு அவள் குட்டி வாய்க்கே வந்திருக்கிறது.

யாரும் பார்க்கவில்லை. நரி மேல் பழியைப் போட்டால் ஊரே நம்பும். ஆனால் ஆத்தா நம்புவாளா? நம்பாவிட்டால் குட்டிக்குத் தண்ணீர் ஏது?

வெயில் தரையை விட்டுப் பனை உச்சிக்கு ஏறிவிட்டது. புள்ளிச்சி ஓடினாள் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டத்தை எந்த நாய் துரத்தியும் அவள் ஓடியதில்லை! சூரியன் மறைய ஒரு விரற்கடை இருக்கும்போது மணலில் வந்து விழுந்தாள்.

"ஆத்தா, நான்தான்!"

கூழையன் விழுந்து விழுந்து சிரித்தான். "சுத்தக்காரி! மூஞ்சியைப் பிறாண்டிக்கோ!"

"சொன்னாப் போதுமா? நாளைக்கு என்ன செய்வே?" என்றது ஆறு.

புள்ளிச்சி எழுந்தாள். கரையேறி, தண்ணீர் எட்டாத மேட்டுக்குப் போனாள். நகத்தால் குழி பறித்தாள். அத்தனை பேர் பார்க்க, வெட்கத்தை விட்டு உட்கார்ந்து எழுந்தாள். மண்ணைத் தள்ளி மூடினாள். மோந்து பார்த்தாள். கொஞ்சம் வாடை இருந்தது. மறுபடி மூடினாள். மோந்தாள். ஒன்றும் இல்லை.

"இனிமே உன் தண்ணியில காலைக்கூட நனைக்க மாட்டேன், ஆத்தா."

மணலுக்குள் களுக்கென்று ஒரு சிரிப்பு. "சரி, இங்கே தோண்டு."

தோண்டினாள். முதலில் கலங்கல் வந்தது. அதை இறைத்துத் தள்ளினாள். அப்புறம் பளிங்கு மாதிரி ஊறியது! ஓடிப்போய்க் குட்டியைக் கவ்வி வந்தாள். குட்டி நக்கியது, கண்ணைத் திறந்தது, "இன்னும்" என்றது. கூழையன்கூட மூக்கை உறிஞ்சினான்.

"நான் போடுறதை மூட ஒரு வண்டி மண் வேணுமே" என்று கொம்பையா கவலைப்பட்டார்.

"மேட்டுல போடுங்க அண்ணே, நான் வறட்டி தட்டிக்கிறேன்" என்றாள் வெயிலாச்சி.

"மிச்சம் கிடக்கிறதுக்கு நான் இருக்கேன்" என்றான் கூழையன்.

"அதெல்லாம் சரி வெயிலாச்சி, உங்க ஆளுங்க என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்டது ஆறு.

வெயிலாச்சி தலையைச் சொறிந்தாள். "வீட்டுல கலந்துக்கிட்டு நாளைக்குச் சொல்றேன், ஆத்தா."

"அந்த நாளைக்கு வரட்டும், நான் மேலே வரேன். அதுவரைக்கும் தோண்டிக் குடிங்க" என்று ஆறு புரண்டு படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்துதான் அந்த ஆறு மழைக்கு மட்டும் எழுந்து வந்து, "நாளைக்கு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு மணலுக்குள் இறங்கிவிடுகிறது. பூனை மட்டும் சொன்ன சொல் தவறாமல் குழி பறிக்கிறது, மூடுகிறது, மோந்து பார்த்து மறுபடி மூடுகிறது. போகும்போது ஒரு தரம் திரும்பி நம்மையும் பார்த்துவிட்டுத்தான் போகிறது.