வீட்டுக்குப் போகும் கதவு

இந்தக் கதையில் சிஷ்யரின் பெயர் குருசாமி. அதற்கு அவருடைய பெற்றோர்தான் பொறுப்பு. குருவின் பெயர் இமல்டா. குருவுக்குத் தாடி இருந்தாக வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. இமல்டாவிடம் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. வயதிலும் அவர் சிஷ்யரைவிட மிகவும் இளையவர்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஓர் இறால் கம்பெனி. குருசாமி அதன் மேலாளர். பெண்கள் வரிசையாக நின்று இறால் உரிக்கும் ஒரு கூடம். உரித்ததை உறைய வைக்கும் அறைகள். அந்தக் குளிரைத் தருவதற்கு அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அமோனியா சாது. வெளியே வந்துவிட்டால் கண்ணையும் மூச்சையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

அப்படி வந்துவிட்டால் என்ன செய்வது என்று குருசாமி ஒரு திட்டம் எழுதியிருந்தார். வண்ண வரைபடங்களும் மூன்று மொழிகளும் கொண்ட கனமான திட்டம். கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லும் இமல்டா வந்த அன்று, அதை அவர் முன்னால் தள்ளி வைத்தார்.

"படிச்சுப் பாருங்க மேடம். குறை ஏதாவது இருந்தா சொல்லுங்க."

குறை இராது என்பதையும் அந்தக் குரலே சொன்னது.

இமல்டா அதைத் திறக்கவில்லை. "டீ கிடைக்குமா சார்?"

"இங்கேயே வரவழைக்கிறேன்."

"வெளியே குடிப்போம். காத்தாட."

கூடத்தின் பின்பக்கத்துத் திடலில் இரண்டு நாற்காலி போட்டார்கள். எதிரே ஒரு சிவப்புக் கதவு.

கூடத்துக்கு இரண்டே வாசல். ஒன்று, எல்லோரும் ஏப்ரனும் பூட்ஸும் போட்டு உடை மாற்றும் அறைக்குள் திறப்பது. அந்த அறைக்கு அடுத்த சுவர் கம்ப்ரசர் அறை. அமோனியா கசிந்தால் முதலில் கசிவது அங்கேதான். மற்றது இந்தச் சிவப்புக் கதவு. சைரன் அடித்தால் எல்லோரும் இதன் வழியே திடலுக்கு வந்துவிட வேண்டும். திட்டத்தின் சாரம் அவ்வளவுதான். மீதியெல்லாம் வண்ணம்.

"போன வாரம்தான் ஒத்திகை பார்த்தோம். நானே கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னேன். தண்ணி மாதிரி வந்தாங்க" என்றார் குருசாமி.

"இன்னைக்கும் பார்ப்போமே." இமல்டா செல்போனில் யாரிடமோ ஒரு வார்த்தை சொன்னார். சைரன் அலறியது.

குருசாமி எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

"உக்காருங்க சார். இன்னைக்கு நீங்க லீவு."

உட்கார்ந்தார். சிவப்புக் கதவு அசையவில்லை. டீயில் ஆடை படிந்தது. வெகு நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. தொப்பி போட்ட ஒரு தலை எட்டிப் பார்த்து, குருசாமியைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டது. ஆனாலும் வெளியே வந்துவிட்டது. அவள் பெயர் பனிமயம்.

"மத்தவங்க எங்கம்மா?" என்றார் இமல்டா.

"அங்கிட்டுக் கை கழுவிக்கிட்டு நிக்காங்க, மேடம்."

போய்ப் பார்த்தார்கள். பொய்யில்லை. உடை மாற்றும் அறையில் பெண்கள் வரிசை குலையாமல் நின்றிருந்தார்கள். ஏப்ரனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டு, பூட்ஸைக் குளோரின் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஆபத்திலிருந்து தப்பி ஓடுவதில் அது ஏற்றுமதித் தரம்.

"ஏன் சிவப்புக் கதவு வழியா வரலை?" என்று கத்தினார் குருசாமி.

முன்னால் நின்ற சொர்ணம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அதைத் தொட்டா ஒரு வாரம் வேலை கிடையாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

சொன்னதுதான். போன கோடையில் தலை சுற்றுகிறது என்று பனிமயம் காற்றுக்காக அந்தக் கதவைத் திறந்தாள். ஓர் ஈ உள்ளே வந்தது. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கில் ஈக்கு இடமில்லை. ஈயைத் தண்டிக்க முடியாததால் குருசாமி பனிமயத்தை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்.

"அப்ப இவ மட்டும் எப்படி வந்தா?"

"எனக்குத்தான் பழகிப்போச்சே, சார்" என்றாள் பனிமயம்.

கூட்டம் சிரித்தது. குருசாமி சிரிக்கவில்லை. அன்றே மைக்கைப் பிடித்து அறிவித்தார்: சைரன் அடித்தால் சிவப்புக் கதவைத் திறக்கலாம், தண்டனை கிடையாது. அதையே பெரிய எழுத்தில் சுவரிலும் எழுத வைத்தார்.

"முடிஞ்சுது, மேடம்."

"பார்ப்போம்" என்றார் இமல்டா.

இரண்டு நாள் கழித்து மறுபடி சைரன். இந்த முறை பெண்கள் சிவப்புக் கதவுவரை வந்தார்கள். வந்து நின்றார்கள். கதவின் சிறு கண்ணாடி வழியே எல்லாக் கண்களும் திடலில் இருந்த குருசாமியின் முகத்தையே பார்த்தன.

கடைசியில் அவரே போய்த் திறந்தார். "தொறக்கலாம்னு சொன்னேன்லா?"

"சொன்னீங்க சார். இப்ப சொல்லுவீங்களான்னு பார்த்துக்கிட்டு நின்னோம்."

குருசாமி இமல்டாவிடம் வந்தார். "வாயால சொல்லியாச்சு. சுவத்துலயும் எழுதியாச்சு. இன்னும் என்னதான் மேடம் செய்யணும்?"

"சாயங்காலம் இவங்க எந்த வழியா வீட்டுக்குப் போறாங்க, சார்?"

"டிரஸ் மாத்துற ரூம் வழியா. அதுக்கென்ன?"

"சும்மாதான் கேட்டேன்."

இமல்டா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். குருமார்களிடம் இது ஒரு கெட்ட பழக்கம்.

குருசாமி இரவெல்லாம் புரண்டார். காலையில், அவர்களைச் சிவப்புக் கதவு வழியாகவே வீட்டுக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றியது; ஈ நினைவுதான் தடுத்தது. வேலை நடக்கும்போது கதவைத் திறக்க முடியாது. ஆனால் மாலையில் கடைசி இறால் தட்டும் உறைய வைக்கும் அறைக்குள் போன பிறகு கூடம் முழுவதையும் எப்படியும் கழுவித்தானே விடுகிறார்கள்? அப்போது ஈ குடும்பத்தோடு வந்தால்தான் என்ன?

அன்றிலிருந்து, வேலை முடிந்ததும் எல்லோரும் சிவப்புக் கதவு வழியாகத் திடலுக்கு வந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு உடை மாற்றப் போக வேண்டும் என்று ஆயிற்று.

"வீட்டுக்குப் போக ஊரையே சுத்தணுமா, சார்?" என்று சொர்ணம்மாள் முணுமுணுத்தாள். பூட்ஸில் மண் ஒட்டுகிறது என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் பேச்சு அறுபடாமல் இடுப்பாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கம்பத்தில் காற்றின் திசை காட்டிப் பறக்கும் துணிப்பையை ஒரு பார்வை பார்த்து, காற்று வரும் பக்கமாகவே கட்டடத்தைச் சுற்றினார்கள். அந்தக் கதவு சிவப்பா பச்சையா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

குருசாமியின் கார் முன்பக்கம் நின்றது. அவர் பழையபடி உடை மாற்றும் அறை வழியாக முன்பக்கமாகவே போய்வந்தார்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அது நடந்தது. கம்ப்ரசர் அறையில் ஒரு வால்வு விட்டுக்கொடுத்தது. சைரன் அடித்தபோது குருசாமி கூடத்துக்குள் இறாலின் பருமனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டமான நெடி வந்தது. கண் எரிந்தது. அவர் திரும்பி ஓடினார். கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியிருந்தது.

அந்த முடிச்சை யாரோ பற்றி இழுத்தார்கள்.

"சார்! எங்க போறீங்க? அங்கிட்டுத்தான் கேஸு! இங்கிட்டு வாங்க!"

பனிமயம் அவரைக் கன்றுக்குட்டி போலக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு சிவப்புக் கதவைக் கடந்தாள். திடலில், காற்று வரும் பக்கத்தில், மற்றவர்கள் முன்பே நின்றிருந்தார்கள். கழுவாத கையும் தொப்பியுமாக நின்றார்கள். சொர்ணம்மாளின் கையில் பாதி உரித்த இறால் ஒன்று இருந்தது. குருசாமி இருமிக்கொண்டே ஆட்களை எண்ணினார். ஒருவரும் குறையவில்லை. முகமூடி மாட்டிய ஆப்பரேட்டர் வால்வை அடைத்துவிட்டு வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

மறுநாள் இமல்டா வந்தார். குருசாமியின் கண் இன்னும் சிவந்திருந்தது.

"எல்லாரும் தண்ணி மாதிரி வந்துட்டாங்க, மேடம். ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கலை."

"சந்தோஷம், சார்."

குருசாமி எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேசைமேல் கிடந்த திட்டத்தின் மேல் கையை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணுதான் புரியலை. இதை எழுதினவன் நான். படம் போட்டவன் நான். அந்த நேரத்துல நான் மட்டும் ஏன் மேடம் அங்கிட்டு ஓடினேன்?"

இமல்டா டீயை ஒரு வாய் குடித்தார்.

"சாயங்காலம் நீங்க எந்த வழியா வீட்டுக்குப் போறீங்க, சார்?"

அன்று சாயங்காலம் குருசாமியின் பூட்ஸிலும் மண் ஒட்டியது.