சடைச்சிக்குப் பல்லு கூசுன கதை

ஒரு ஊர்ல ஒரு புளியமரமாம், அந்த மரத்துல ஒரு பேயாம். பொம்பளைப் பேயி, பேரு சடைச்சி. ஏண்டி கண்ணை இப்படி முழிக்கிற? அது கடிக்கிற பேயி இல்ல. அதால ஒரு இட்லியைக்கூடக் கடிக்க முடியாது, பாவம். ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

சடைச்சிக்குச் சாப்பாடே புளிதான். பிஞ்சு கிடைச்சாப் பிஞ்சு, செங்காய் கிடைச்சாச் செங்காய், பழம் கிடைச்சாப் பழம். வெடுக் வெடுக்னு ஒடிச்சு, சப்பு சப்புன்னு சப்பி, தூன்னு கொட்டையைத் துப்பும். காலையிலயும் புளி, மத்தியானமும் புளி. எத்தனை காலத்துக்குத்தான் பல்லு தாங்கும்? பல்லு மேல வழவழன்னு இருக்குல்ல, நாக்கை வச்சுப் பாரு. ம், அதுதான் பல்லு போட்டிருக்கிற சட்டை. புளிப்பு அந்தச் சட்டையை அரிச்சு அரிச்சு எடுத்துருச்சு.

அப்புறம் ஒரு நாளு ஆசையா ஒரு செங்காயைக் கடிச்சுது பாரு, ஸ்ஸ்ஸ்... கூச்சம் உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு. அன்னையிலிருந்து புளியைக் கடிக்க முடியல. கடிக்காட்டி வயிறு சும்மா இருக்குமா? பேய்க்குச் சாவு கிடையாதுடி, பசி மட்டும்தான் உண்டு.

அப்போ சடைச்சி என்ன பண்ணுச்சு, கூச்சம் அடங்கட்டும்னு கிணத்துல இறங்கிப் பச்சைத்தண்ணியை வாய் நிறைய அள்ளி ஊத்திக்கிச்சு. சுரீர்! எடுத்த ஓட்டம், மரத்துல ஏறித்தான் நின்னுச்சு.

அப்புறம் உச்சிவெயில்ல மாடசாமின்னு ஒருத்தரு, மக வீட்டுக்குத் தூக்குவாளியில வடை கொண்டுக்கிட்டு அந்தப் பக்கமா வந்தாரு. அவரு சம்சாரம் சுட்ட அவசரத்துல ஒரு அடுப்புக்கரி வடை மேல விழுந்து கிடந்துச்சு. எண்ணெய் வாசம் கமகமன்னு வரவும், சடைச்சி சரசரன்னு இறங்குச்சு. வாளியைத் திறந்தா கரி. "ஆகா, கரின்னா பல்லு விளக்கத்தானே, யாரு பெத்த மகராசனோ நமக்குன்னே கொண்டாந்திருக்கான்"னு வடையை விட்டுட்டுக் கரியை எடுத்துக்கிச்சு. பசி தாங்காம அப்பத்தான் ஒரு பழத்தைச் சப்பியிருந்துச்சு. அந்த வாயோட கரகர கரகரன்னு தேய்ச்சுது. "ஐயய்யோ"ன்னு அலறிக்கிட்டு உச்சாணிக் கொம்புக்கு ஓடிருச்சு.

மாடசாமி வேட்டி அவுந்தது தெரியாம ஓடுனாரு. ஊருக்குள்ள போயி, "கரியைப் பார்த்ததும் பேயி ஓடிருச்சுய்யா"ன்னு சொன்னாரு. அவ்வளவுதான், பலகாரம் கொண்டு போறவுகெல்லாம் கரித்துண்டு போட ஆரம்பிச்சுட்டாக, வாசப்படியிலகூடக் கரியைக் கட்டித் தொங்கவிட்டாக. உங்க அம்மா இன்னும் போடுறா. எதுக்குன்னு கேட்டா அவளுக்கும் தெரியாது. ம்?

அப்புறம் சீனியம்மா வந்தா. மாசமா இருக்கிற புள்ள, மசக்கை. புளி, புளின்னு நாக்கு துடிக்குது. "புள்ளத்தாச்சி புளியமரத்தடிக்குப் போகாதடி"ன்னு மாமியா கத்துனதெல்லாம் அவ காதுல ஏறுமா? ஒரு கிண்ணத்துல நல்லெண்ணெயை எடுத்துக்கிட்டு வந்துட்டா. மரத்தடியில உட்கார்ந்து, ஒரு வாய் எண்ணெயை ஊத்திக் கொளகொள கொளகொளன்னு கொப்புளிச்சுத் துப்புனா. அப்புறம் புளியம்பழத்தை எடுத்து ஒண்ணு, இன்னொண்ணு, இன்னும் ஒண்ணு. முகம் சுளிக்கணுமே? ம்ஹூம்.

மேல இருந்து பார்த்த சடைச்சிக்கு எச்சி ஊறி ஊறி, பிடி நழுவித் தொப்புன்னு விழுந்துச்சு. சீனியம்மா வயித்தைப் பொத்திக்கிட்டா, பாவம். "பயப்படாத தாயி, எனக்குப் பல்லு கூசுது, பசிக்குது"ன்னு சடைச்சி அழுதுச்சு.

பசிக்குதுன்னு சொன்னதும் அவளுக்குப் பயம் பாதி போயிருச்சு. "வாயைத் திற அக்கா, பாப்போம். அடிப்பாவி, பல்லெல்லாம் கரியா இருக்கே, புளி தின்ன கையோட கரி போட்டுத் தேய்ச்சியா?"

"ஆமா தாயி."

"புளிப்புப் பட்ட பல்லு இளகிக் கிடக்கும். அப்பத் தேய்ச்சா இருக்கிறதும் போயிரும்க்கா. வெறும் தண்ணி விட்டுக் கொப்புளிச்சுட்டுச் சும்மா இருக்கணும். தின்னுறதுக்கு முந்தி எண்ணெய். புளி கொட்டை எடுக்கையில கைக்குத் தடவுறோம்ல? பல்லுக்கு மட்டும் வேணாமா?"

சடைச்சி எண்ணெயை ஊத்திக் கொளகொள, தூ. மெதுவா ஒரு பழத்தைச் சப்புச்சு. கூசுச்சு, ஆனா முந்தி மாதிரி இல்ல. "ஒரே நாள்ல எல்லாம் சரியாயிராது, தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான், இருக்கிறதைக் காப்பாத்திக்கோ"ன்னு சொல்லி, அவ கிண்ணத்தை அங்கயே வச்சுட்டுப் போனா. அதுக்கப்புறம் எண்ணெய் தீரத் தீர ஊத்திட்டுப் போவா. சடைச்சிக்குக் கொஞ்சம் கொஞ்சமா வயிறு நிறைஞ்சுச்சு. தூங்கிட்டியா? ம், சரி.

அப்புறம் சீனியம்மா வரல. மாசக்கணக்காச்சு. எண்ணெய் தீந்து, மறுபடி கூச்சம், மறுபடி பட்டினி. ஆனா சடைச்சி நினைப்பெல்லாம் அவ மேலதான். "புள்ள நல்லபடியாப் பெத்துப் பொழைச்சாளோ என்னமோ"ன்னு மரத்துக்கு மரம் தாவித் தவிச்சுச்சு. ஊருக்குள்ள போய்ப் பார்ப்போம்னா வீட்டுக்கு வீடு கரி தொங்குது. கரியைக் கண்டாலே அதுக்குப் பல்லு கூசும், எங்கிட்டுப் போகும்?

அப்போ ஒரு நாளு உச்சிப்பொழுதுல சலங் சலங்னு கொலுசுச் சத்தம். சீனியம்மாதான். ஒரு கையில எண்ணெய்ச் செம்பு, இடுப்புல கொழுகொழுன்னு ஒரு பொம்பளைப் புள்ள. "இவளுக்கு ஒத்தப் பல்லு முளைச்சிருக்குக்கா, முதல்ல ஒங்கிட்டதான் காட்டணும்னு தூக்கிட்டு வந்தேன்"னா.

சடைச்சி மெதுவா ஒரு விரலை நீட்டுச்சு. புள்ள எங்க வீல்னு கத்திருமோன்னு அதுக்குத்தான் பயம். புள்ள என்ன பண்ணுச்சு தெரியுமா? அந்த விரலைப் பிடிச்சு வாயில வச்சு, அந்த ஒத்தப் பல்லால நறுக்னு கடிச்சுருச்சு. கடிச்சுட்டு ஈன்னு சிரிக்குது. பேய்க்குக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுச்சு. அத்தனை காலத்துல அதைப் பயப்படாமத் தொட்டது அந்த ஒரு உசுருதான். வலிக்க வலிக்க விரலை எடுக்கவே இல்லையாம்.

கதையும் ஆச்சு, உன் கண்ணும் சொருகுது. தூங்கு, தாயி.