குரங்கின் கன்னப்பையில் நாலு காய்

ஆற்றோரப் புங்கமரத்தடியில் காட்டு விலங்குகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அதற்கு டாக்டர் ஒரு மரங்கொத்தி. கறாரான அம்மா!

ஒருநாள் சடையன் என்ற குரங்கு அங்கே வந்து படுத்தது. முள்வேலியில் வால் கிழிந்து, புண் சீழ்பிடித்து, காய்ச்சல் அனலாய் அடித்தது. அந்தக் காட்டிலேயே நீளமான வால் சடையனுடையது. அதில் அதற்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

"ஐயோ டாக்டரம்மா! என் வாலைக் காப்பாத்துங்க!"

"காப்பாத்தலாம். தினம் ஒரு கசப்புக்காய். ஏழு நாள் முழுங்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் நான் பொறுப்பில்லை!"

சடையன் மூன்று நாள் ஒழுங்காக விழுங்கியது. காய்ச்சல் இறங்கியது. வலியும் போனது.

'உடம்புதான் தேறிடுச்சே! இந்தக் கண்றாவியை இன்னும் ஏன் தின்னணும்?' என்று நினைத்தது. நாலாம் நாள் டாக்டர் பார்க்கும்போது காயை வாயில் போட்டு, கன்னப்பையில் ஒதுக்கிக்கொண்டது. டாக்டர் தலை மறைந்ததும் புதரில் துப்பியது. இப்படியே நாலு நாளும் நாலு காய். தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டது, மடக் குரங்கு!

வால் புண்ணுக்குள்ளே நடந்தது அதற்குத் தெரியாது. மூன்று காய்களில் சோதாக் கிருமிகள் எல்லாம் செத்துவிட்டன. மிஞ்சியவை பத்தே பத்து முரட்டுக் கிருமிகள். அவையும் குற்றுயிராய்க் கிடந்தன.

"அடுத்த காய் வந்தா நம்ம கதை முடிஞ்சுது!" என்று நடுங்கியது ஒன்று.

காய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"அண்ணே, பிழைச்சோம்! குட்டி போடுங்க, சீக்கிரம்!"

பத்து நூறாயிற்று. நூறு லட்சமாயிற்று. பிறந்ததெல்லாம் பெற்றதைவிட முரடு, கசப்புக்காய்க்கு அசையாத ரகம்.

சடையனுக்கோ படுக்கை கொள்ளவில்லை. புண்ணைச் சொறிந்த கையோடு பக்கத்துக் கட்டிலுக்குத் தாவியது. அங்கே வயிற்றில் தையல் போட்ட கீரி படுத்திருந்தது.

"எத்தனை தையல் அண்ணே? காட்டுங்க, எண்ணிப் பார்க்கிறேன்!"

கட்டைப் பிரித்து விரல் வைத்து எண்ணியது. அந்த விரல் வழியே கிருமிகள் கீரியின் தையலுக்குள் குடிபெயர்ந்தன.

எட்டாம் நாள் வால் பூசணிக்காயாய் வீங்கியது. கீரிக்கும் குளிர்காய்ச்சல். டாக்டர் அவசரமாக இருவருக்கும் கசப்புக்காய் கொடுத்தாள்.

"அட, நம்ம பழைய காய்! இன்னும் ரெண்டு போடச் சொல்லு!" என்று கிருமிகள் கும்மாளமிட்டன.

வேறு வேர், வேறு பட்டை, எதுவும் பலிக்கவில்லை. மலையுச்சியிலிருந்து கழுகு கொண்டுவந்த கடைசி மருந்து ஒருவருக்குத்தான் போதும்.

"கீரிக்குக் கொடுக்கலேன்னா உயிர் போயிடும். உனக்கு வாலை வெட்டினா உயிர் தங்கும்," என்றாள் டாக்டர்.

"வால் இல்லாம எப்படித் தாவுவேன்? காய்ச்சல் போச்சே, அதான் துப்பினேன்!" என்று சடையன் கதறியது.

"காய்ச்சல்தான் போச்சு, கிருமி போகலையே!"

கீரி முனகிக்கொண்டே தலையைத் தூக்கியது. "அடப்பாவி! காயைத் துப்பினது நீ. ஒரு மாசம் படுக்கையில கிடக்கப்போறது நானா?"

மருந்து கீரிக்குப் போனது. சடையனின் வால் போயிற்று. பாவம், அதன்பிறகு அது கிளைக்குக் கிளை தாவவில்லை, நடந்துதான் போனது.

மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவன் நோயை முரடாக்கி, பக்கத்துப் படுக்கைக்கும் அனுப்பிவைக்கிறான்.