ஒரே பானையில் வந்த இருவர்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே ஒரு கதை சொல்கிறேன். கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

ஒரு நாட்டில் ராஜாவின் பிள்ளைகள் இருவர் பட்டத்துக்குச் சண்டை போட்டார்கள். ஆற்றின் மேல்கரை ஒருவன் பக்கம், கீழ்கரை மற்றவன் பக்கம். ஏழு வருஷம் வெட்டிக்கொண்டார்கள். மேல்கரைச் செங்கமலத்தின் புருஷனைக் கொன்றவன் கீழ்கரை ஆண்டியப்பன். "கொன்றவன் சாம்பல் இந்தத் துறையில் ஒரு துளிகூடக் கரையாது" என்று, புருஷன் சாம்பலைக் கரைத்த தண்ணீரிலேயே நின்று அவள் சத்தியம் செய்தாள்.

அந்த ஊர்களில் ஒரு வழக்கம். செத்தவரைப் பதினாறாம் நாளுக்குள் அவரவர் கரைத் துறையில் கரைக்க வேண்டும். தவறினால், அந்தி தோறும் வாசலில் வந்து தண்ணீர் கேட்பார்கள்.

பிறகு கடல் வழியாக வேற்றுப்படை வந்தது. இரண்டு கரையும் ஒரே படையாய்ப் போனது. செங்கமலத்தின் ஒரே மகன் நல்லசிவமும் போனான், ஆண்டியப்பனும் போனான். இருவரும் செத்த பதினாறாம் நாள் சடையன் என்ற வீரன் ஒரு சாம்பல் பானையோடு வந்தான். செங்கமலம் தன் துறையில் காத்திருந்தாள். சேதி கேட்டு ஆண்டியப்பன் மனைவி காத்தாயியும் ஆற்றைத் தாண்டி வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் இதுலதான் இருக்காங்க ஆத்தா. ஆண்டியப்பன் உங்க மகன்மேல கவுந்து கிடந்தாரு. முதுகுல மூணு ஈட்டி. பிரிச்சு எடுக்க முடியல, சேர்த்தே எரிச்சோம்."

"என் பிள்ளை மட்டும்னு சொல்லியிருக்கலாமேடா பாவி!"

"வாய் வரல ஆத்தா."

காத்தாயி மெதுவாகக் கேட்டாள். "பாதி குடுங்கக்கா."

"எது பாதி? எந்தப் பிடியில உன் புருஷன், எந்தப் பிடியில என் பிள்ளைன்னு நீயே காட்டு பாப்போம்!"

காத்தாயி பானையைத் தொடவில்லை. "அப்ப முழுசா உங்க துறையிலேயே விடுங்க. பச்சைப்பிள்ளை அலைய வேணாம். எங்க வீட்டுக்காரர் என் வாசலுக்கு வரட்டும்."

பொழுது சாய்ந்தது. செங்கமலம் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். தன் துறையில் நிற்கவில்லை. கீழ்கரைத் துறைக்குப் போய் முழுவதையும் கரைத்தாள்.

மறைக்காமல் சொன்ன சடையன், முழுசாய் விட்டுக்கொடுத்த காத்தாயி, எதிரியை அவன் கரையில் சேர்த்துத் தன் மகனை அலையவிட்ட செங்கமலம். இந்த மூவரில் யார் செய்தது நியாயம்?

காத்தாயி என்பேன் நான். சடையன் கண்டதைச் சொன்னான், அவ்வளவுதான். செங்கமலம் செய்தது பெரிசு. ஆனாலும் அதில் அவள் சத்தியமும் பிழைத்துக்கொண்டது. காத்தாயியை எந்தச் சத்தியமும் கட்டவில்லை. இப்போதும் அந்தியில் செங்கமலத்தின் வாசலில் "அம்மா, தண்ணி" என்று குரல் கேட்கும். செங்கமலத்துக்குக் கால் எழாது. அந்த நேரத்துக்கு ஆற்றைத் தாண்டி வந்திருக்கும் காத்தாயிதான் சொம்போடு போவாள். "குடி ராசா, உன்மேல கவுந்து கிடந்தாரே, அவர் பொண்டாட்டிதான் நான்" என்பாள். உடனே குரல் நின்று, இருட்டுக்குள் யாரோ மடக்மடக்கென்று... ஐயோ, உள்ளே என் பிள்ளை அழுகிறது. இதோ வந்துட்டேன் அத்தை, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுங்க, கீரையை வச்சுட்டு வர்றேன்!