ஆயிரம் வராகன் மரக்கிரீடம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது ஓர் ஆசை வந்தது. ஏரி நடுவே பளிங்கில் மண்டபம் கட்ட வேண்டும். கஜானாவிலோ பளிங்குக்குப் பணமில்லை. துவட்டிக்கொள்ளும் முன்பே புது வரி போட்டுவிட்டார். உழைக்கிறவன் தொழிலுக்கு என்னென்ன சாமான் வைத்திருக்கிறானோ, அதன் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு வரி. மதிப்புப் போடும் வேலை மந்திரி வேங்கடராயருக்கு. ராயர் முத்திரை வைத்த மதிப்பைத் தவறு என்பவர் எவராயினும் நாடு கடத்தப்படுவார் என்று கூடவே ஓர் ஆணை. மண்டபம் என்று வந்துவிட்டால் ராஜாக்களின் புத்தி கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்ளும்.

அந்தச் சபையில் உலகப்பன் என்றொரு விகடன் இருந்தான். அரண்மனைக்கு வருமுன் தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்ற கோமாளி வேடம் கட்டியவன். அவன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் ராயருக்கு வயிறு எரியும். ஆகவே மதிப்புப் போடக் கிளம்பிய ராயர் முதலில் போய் நின்றது உலகப்பனின் பழைய கூத்துக் குழுவான ஜமாவின் வாசலில்தான்.

பல்லக்கை விட்டு இறங்கவில்லை. வேடச் சாமான் பெட்டியில் இருப்பதைச் சொல்லச் சொன்னார். கூத்தாடிகளுக்கு ஒரு பழக்கம். பெட்டியில் இருப்பதை மரம், காகிதம் என்று வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் வேடம் ஏறாது என்று நம்பிக்கை. ஜமாவின் வாத்தியார் தாண்டவன் வழக்கம்போலவே, "மகாராஜா கிரீடம் ஒண்ணுங்க, பட்டத்தரசி ஒட்டியாணம் ஒண்ணுங்க, தளபதி வாள் ரெண்டுங்க" என்று அடுக்கினான். எல்லாம் தெரிந்தும் ராயர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். கிரீடம் மட்டும் ஆயிரம் வராகன். பெட்டி மொத்தம் இரண்டாயிரம். வரி இருநூறு. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பெட்டி பறிமுதல்.

தாண்டவன் உலகப்பனிடம் ஓடி வந்தான்.

"பங்குனி பொறந்தா பதினாறு ஊர்ல கூத்து ஒத்துக்கிட்டிருக்கோம். பெட்டி போச்சுன்னா பன்னெண்டு குடும்பமும் பட்டினிதான். நீதான் ராசாகிட்ட சொல்லி விலையக் கொறைக்கணும், உலகு."

உலகப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கிரீடத்தை அவனுக்குத் தெரியாதா? முருக்கு மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் காக்காப்பொன் தகடும் ஒட்டியது. மழையில் நனைந்து பக்கவாட்டில் பிளந்தபோது புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டியவனே அவன்தான். ராயர் விரித்த வலையும் புரிந்தது. குறைக்கச் சொல்லி வாய் திறந்தால், மதிப்பு தவறு என்று சொன்னதாகிவிடும். அன்றே ஊரை விட்டுத் துரத்துவார்கள்.

"கொறைக்கச் சொல்லமாட்டேன் அண்ணே. ஒரு காசு கொறைச்சாலும் விடமாட்டேன். கிரீடத்த எடுத்துக்கிட்டு எங்கூட வா."

சபையில் உலகப்பன் கிரீடத்தை ராஜாவின் முன் வைத்தான்.

"மன்னா, ராயர் அவர்களின் மதிப்பை ஜமா தலைவணங்கி ஏற்கிறது. பணமில்லாதவர் பொருளாக வரி கட்டலாம் என்பது நம் நாட்டு வழக்கம். போன வருடம் குயவர்கள் பானையாகக் கட்டினார்கள். இதோ ஆயிரம் வராகன் கிரீடம். வரி இருநூறு போக, மீதி எண்ணூறு வராகனைத் தாண்டவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்."

ராயர் பதறி எழுந்தார். "மன்னா, இது வெறும்..." என்று தொடங்கியவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"வெறும் என்ன, ராயரே? சொல்லி முடியுங்கள். மதிப்பு தவறு என்கிறீர்களா?" என்றான் உலகப்பன்.

"இல்லையில்லை. மதிப்பு சரிதான்" என்று ராயர் உட்கார்ந்துவிட்டார்.

ராஜா கிரீடத்தைக் கையில் எடுத்தார். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கியதில் கை தலைக்கு மேலே போய்விட்டது. நகத்தால் சுரண்டினார். காக்காப்பொன் மடியில் உதிர்ந்தது.

"இது மரக்கட்டை அல்லவா? ஆயிரம் வராகன் என்று எழுதியிருக்கிறீரே, இது சுத்தத் தவறு."

உலகப்பன் இரண்டடி முன்னால் வந்தான்.

"மதிப்பைத் தவறு என்பவர் எவராயினும் நாடு கடத்தப்படுவார் என்பது தங்கள் ஆணை, மன்னா. தாங்கள் தேரில் போகிறீர்களா, நடந்தா?"

காவலர்களின் கை வாளுக்குப் போனது. ராஜாவின் முகம் சிவந்தது.

"என்னையே நாடு கடத்துகிறாயா?"

"நான் கடத்தவில்லை. தங்கள் ஆணை கடத்துகிறது. பிடிக்கவில்லையென்றால் ஆணையை நாடு கடத்திவிடுங்கள்."

ராஜா அவனைப் பார்த்தார். கையிலிருந்த கிரீடத்தைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு சபையே அதிரச் சிரித்தார். ஆணை ஓலை அங்கேயே கிழிந்தது. ஜமாவின் வரியும் தள்ளுபடி ஆனது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி உலகப்பன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"ஒன்றே ஒன்று, மன்னா. இனி எந்தச் சாமானுக்கு விலை எழுதினாலும், ராயர் அவர்கள் முதலில் அதைத் தம் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்."

"அப்படியே ஆகட்டும். ராயருக்கு நாளை எந்தத் தெரு?"

கணக்கர் ஓலையைப் புரட்டினார். "செக்கடித் தெரு, மன்னா. பதினெட்டுக் கல்செக்கு."

ராஜா மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்.