செங்கால் நாரை குரல் இழந்த முற்றம்

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதரோடு மனிதராய்ப் பேசிக்கொண்டிருந்தன. இஸ்தான்புல் நகரத்து சுல்தானின் அரண்மனையில் உள்முற்றம் என்று ஒன்று உண்டு. அங்கே மனிதர் யாரும் வாய் திறக்கக் கூடாது. சுல்தானின் காதில் சளசளப்பு விழுந்தால் ஆகாது. அதனால் எல்லாரும் விரலசைத்தே பேசிக்கொள்வார்கள்.

பேசிவிட்டுப் போகட்டும் என்று சுல்தான் விட்டுவைத்தது, தர்பார் மண்டபத்துப் புகைபோக்கி மேல் கூடு கட்டியிருந்த செங்கால் நாரையை மட்டும்தான். குளிர்காலம் வந்தால் மக்கா வழியாகத் தெற்கே பறந்துவிட்டுத் திரும்பும் என்பதால் அதை ஹாஜி என்றார்கள். குரலோ தேன். வாயோ ஓட்டை வாய்.

சுல்தானின் தலைப்பாகையைச் சுமக்கும் செல்மான் அதன் உயிர்த் தோழன். தன் மீனில் பாதியை ஹாஜிக்குப் போடாமல் சாப்பிட மாட்டான். வெளிநாட்டுத் தூதர் வந்த அன்று அவன் கை தவறி, தலைப்பாகை மண்டபத் தரையில் உருண்டது. எத்தனை பெரிய அபசகுனம்! சுல்தானின் முகம் கறுத்துப்போனது.

மறுநாள் செல்மான் கூட்டின் கீழே நின்று, விரல்களால் சொன்னான்: "என் தலை தப்பாது, ஹாஜி. நாளைக்கு விடியறப்போ மீன் படகுல ஏறி ஓடிடறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"விடுவேனா!" என்றது ஹாஜி.

விட்டது. மாலைக்குள் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. கீழே துலிப் பாத்தியில் தலைமைத் தோட்டக்காரர் யாகூப் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். மண்புழுவைக்கூட நோகாமல் எடுத்து நிழலில் விடுகிற மனிதர். அவரிடம் சொன்னால் என்ன வந்துவிடப்போகிறது?

"யாகூப் பாபா, இது உங்களோட இருக்கட்டும்..." என்று ஆரம்பித்து, படகு நிற்கும் துறை வரைக்கும் கொட்டிவிட்டது. யாகூப் தலையாட்டினார். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

விடிந்ததும் ஹாஜி கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தது. பார்த்தபடியே உறைந்துபோனது. முற்றத்தின் குறுக்கே செல்மானை இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். பின்னால் யாகூப் பாபா, தோளில் வாளோடு. அந்த அரண்மனையில் தலைமைத் தோட்டக்காரர்தான் தலை வெட்டுகிறவரும். அங்கே அது எல்லாருக்கும் தெரியும். பாதி வருஷம் ஊரிலேயே இல்லாத ஹாஜிக்கு மட்டும் தெரியாது. ஐயோ, அதற்குத் தெரியவே தெரியாது!

செல்மான் அண்ணாந்து பார்த்தான். அந்த முற்றத்தில் சாகப்போகிறவனும் கத்தக் கூடாது. கட்டிய கைகளில் விரல்கள் மட்டும் அசைந்தன.

"யார்கிட்ட சொன்னே?"

ஹாஜி கதறுவதற்கு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது. நெஞ்சு விம்மியது, கழுத்து முதுகு வரை வளைந்தது, அலகுகள் ஒன்றோடொன்று மோதிப் படபடத்தன. அவ்வளவுதான். செல்மானுக்குப் பதில் கிடைப்பதற்குள் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று முதல்தான் செங்கால் நாரைக்குக் குரல் இல்லாமல் போனது. ஜோடியைக் கூப்பிடுவதானாலும் சரி, குஞ்சைக் கொஞ்சுவதானாலும் சரி, தலையை முதுகில் சாய்த்து அலகைத்தான் தட்டுகிறது.