ஆற்றுக்குக் கிழக்கே

இங்கிலாந்தில் அரசனைவிடப் பிரபுக்களின் அதட்டல் ஓங்கியிருந்த காலம். அவ்வாண்டு வெள்ளத்தில் ஆறு தடம் மாறி, மில்ட்ரெட் என்ற ஏழைக் குடியானவளின் பார்லி வயலைக் கிழக்குக் கரையில் தள்ளிவிட்டது. மழைக்காலம் முழுக்க லண்டனில் விருந்துண்ட ஹியூகோ பிரபு, ஊர் திரும்பியதும் மில்ட்ரெட்டை வரவழைத்து, தம் காரியஸ்தருடன் நேரே நீதிபதியிடம் போனார்.

“ஆற்றுக்குக் கிழக்கே என் நிலம், மேற்கே ஊராருடையது. ஆறு எங்கே ஓடுகிறதோ அதுதான் எல்லை!”

காரியஸ்தர் பதறிப்போய் அவர் அங்கியை இழுத்தார்.

“சும்மா இரும்!” என்றார் பிரபு.

வயல் போனால் மில்ட்ரெட்டுக்குப் பிச்சைதான். ஆனாலும் அவள் நீதிபதியிடம், “ஐயா, பிரபு சொன்னதை அப்படியே எழுதுங்கள். எனக்குச் சம்மதம்” என்றாள்.

நீதிபதி எழுதிய பத்திரத்தில் பிரபு பூரித்துப்போய் முத்திரை குத்தினார்.

“சரி, எங்கள் மாளிகையைப் போய்ப் பார்க்கலாமா?” என்றாள் மில்ட்ரெட்.

“எந்த மாளிகை?”

“நம்முடையதுதான், பிரபுவே” என்று முனகினார் காரியஸ்தர். “அங்கேயும் ஆறு திரும்பிவிட்டது. மாளிகை இப்போது மேற்குக் கரையில் நிற்கிறது.”

பிரபுவின் குரல் இறங்கிவிட்டது. “பழைய கரையே எல்லையாக இருக்கட்டுமே, அம்மா?”

“ஊராரைக் கேட்டுச் சொல்கிறேன்.”

பார்லி அறுவடை முடிந்து ஊரார் கூடிச் சம்மதிக்க ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை பிரபு சத்திரத்தில் படுத்தார்.